இழுக்குது, அண்ணி

மார்ச் 3, ஞாயிறு

பல் டாக்டரின் கிளினிக்கில் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகள் வராததால் காத்திருப்பு அறை எங்களுக்கு. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ‘ஈறுகளில் ரத்தக் கசிவா?’ என்று கேட்கும் படத்துக்குக் கீழே நான் உட்காருவது வழக்கம். படத்தில் இருப்பவரின் முகமும் வாசிக்கும்போது என் முகமும் ஒரே மாதிரி இருப்பதாக கிளட்ச் சொல்வார். கிளட்ச் என்பது கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் பேஸ் கிட்டார். டாக்டர் கீபோர்டு. பாடுவது என் நாத்தனார். டிரம்ஸ் நான். நாலு பேரின் வயதையும் கூட்டினால் கிட்டத்தட்ட இருநூறு வரும்.

இன்று முதல்முறையாகப் புது ஸ்னேரை எடுத்துப்போனேன். புது என்றால் பழையது. அடியில் கம்பிகள் ஓடும் அந்தச் சின்ன டிரம்மை, என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பித்தளை உடம்போடு, பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் போன வாரம் பிடித்தேன். மேல்பூச்சு அங்கங்கே உரிந்திருக்கிறது. “இந்த மாதிரி இப்ப யாரு பண்றாங்க?” என்றார் கடைக்காரர். யாரும் ஏன் பண்ணுவதில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நாத்தனார் தானே எழுதி மெட்டமைத்த பாட்டு. அவளுடைய முதல் பாட்டு. மெதுவான பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் இருந்த பக்கம் பார்த்து, மிகவும் மெல்லிய குரலில் சொன்னாள்: “அண்ணி... இழுக்குது.”

உண்மைதான். ஒவ்வொரு அடிக்கும் ‘டக்’ என்று விழுந்த பிறகு ‘ஙொய்ய்ய்ங்’ என்று ஒரு வால் பின்னாலேயே வருகிறது. அலமாரியில் இருக்கும் பிளாஸ்டர் பல்செட்டுகள் அந்த வாலுக்குக் கடகடவென்று பதில் சொல்கின்றன.

“புரிஞ்சுது. சரி பண்ணிடறேன்” என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

டாக்டர் தொண்டையைச் செருமினார். ஏப்ரல் 20க்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் அரை நாள் எடுத்திருக்கிறோம். அதற்குள் சரியாகவில்லை என்றால் கவலைப்பட வேண்டாமாம், அவர் கீபோர்டிலேயே தாள மெஷின் இருக்கிறதாம். ‘வலிக்காது’ என்று சொல்லும் அதே குரல்.

ஆக, ஏழு வாரம். அதற்குள் அந்த ஙொய்ங்கை ஒழிக்க வேண்டும். இல்லையென்றால் என் இடத்தில் ஒரு பொத்தான் வாசிக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

அலுவலகத்தில் எனக்கு வேலையே இதுதான். வாஷிங் மெஷினோடு வரும் கையேட்டை எழுதுபவள் நான். ‘வழக்கத்துக்கு மாறான சத்தம் வந்தால்’ என்ற பக்கம் முழுக்க என் கைவண்ணம். இயந்திரம் சமதளத்தில் நிற்கிறதா பார்க்கவும். திருகுகள் தளர்ந்துள்ளனவா பார்க்கவும். சத்தம் நீடித்தால் சேவை மையத்தை அணுகவும்.

டிரம்முக்குச் சேவை மையம் நானே. மதிய உணவு நேரத்தில் கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயாரித்தேன். ஒரு பக்கம் ‘காரணம்’, ஒரு பக்கம் ‘தீர்வு’. பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, எந்த மாடலுக்கு என்று கேட்டாள். பழைய மாடல் என்றேன்.

மார்ச் 6, புதன்

எட்டுத் திருகு. அதை முடுக்கும் சாவி ஒன்று. கை இரண்டு. பொறுமை — பார்ப்போம்.

மார்ச் 9, சனி

படித்துத் தெரிந்துகொண்டது: டிரம்மின் தோலை ஒரு வளையம் அழுத்திப் பிடிக்கிறது, வளையத்தை எட்டுத் திருகுகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரு திருகு அதிக இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருந்தால் தோல் பல சுருதியில் ஒரே நேரத்தில் முனகும். ஆகவே ஒவ்வொரு திருகுக்கும் முன்னால் ஒரு விரல்கடை தள்ளி, குச்சியால் மெல்லத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்க வேண்டும்.

காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். முதல் திருகைச் சரிசெய்தால் ஐந்தாவது கெடுகிறது. ஐந்தாவதைத் தொட்டால் மூன்றாவது கோபித்துக்கொள்கிறது. சொந்தக்காரர்களைக் கல்யாணத்துக்கு அழைக்கிற கதை.

என் வீட்டுக்காரர் அடுத்த அறையில் செய்தித்தாளோடு இருந்தார். முதலில் கதவைச் சாத்தினார். பிறகு சன்னலைச் சாத்தினார். பிறகு தக்காளி வாங்கப் போனார். திரும்பி வந்து, சத்தம் நிற்காததைப் பார்த்து மறுபடியும் தக்காளி வாங்கப் போனார். வீட்டில் இப்போது ஒரு வாரத்துக்கான தக்காளி இருக்கிறது. டிரம்மில் இன்னும் ஙொய்ங் இருக்கிறது.

“உண்மையைச் சொல்லுங்க, நேத்தைக்கு இன்னைக்கு குறைஞ்சிருக்கா இல்லையா?” என்று கேட்டேன்.

“எது?” என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இவரிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரைக் குற்றம் சொல்ல?

மார்ச் 10, ஞாயிறு

ஒத்திகை. கிளட்ச் தன் பர்ஸை எடுத்துத் தோலின் ஓரத்தில் வைத்தார். பெரிய பெரிய வாசிப்பாளர்களெல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். நாலாவது அடியில் பர்ஸ் எகிறி விழுந்து, ஓட்டுநர் உரிமமும் யாரோ ஒரு பெண்ணின் பழைய பாஸ்போர்ட் புகைப்படமும் தரையில் சிதறின. அவர் அதை எடுத்த வேகத்தில் ஒரு தடவைகூட பேஸ் வாசித்ததில்லை.

முடிந்ததும் நாத்தனார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். “இன்னும் கொஞ்சம் இழுக்குதோன்னு தோணுது, அண்ணி.”

“ஆமா. மேல்தோல் முடிச்சிட்டேன். கீழ்த்தோல் பாக்கி இருக்கு.”

“ஓ” என்றாள்.

அந்த ‘ஓ’வுக்கு என்ன அர்த்தம்? அக்கறையா, சலிப்பா? எனக்குத் தெரியாத டிரம் விஷயம் ஏதாவது அவளுக்குத் தெரியுமோ?

மார்ச் 14, வியாழன்

ஒரு கண்டுபிடிப்பு. ஙொய்ங்கை அடக்க விலைகொடுத்து வாங்கும் ஜெல் துண்டுகள் உண்டு. அவை இங்கே கிடைக்கவில்லை. ஆனால் மெத்தென்று, ஒரு பக்கம் பசையோடு, நீளவாக்கில், உறிஞ்சுவதற்கென்றே செய்த ஒரு பொருள் என் அலமாரியிலேயே இருந்தது. இந்த வயதில் அது தேவைப்படும் மாதங்களும் தேவைப்படாத மாதங்களும் மாறி மாறி வருவதால் பாக்கெட்டில் மிச்சம் நிறைய.

பாதியாக வெட்டித் தோலின் ஓரத்தில் ஒட்டினேன். அடித்தேன். ஙொய்ங் பாதியாகக் குறைந்தது!

விளம்பரத்தில் இதைச் சொல்வதே இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஒட்டியபடியே எடுத்துப்போனது மடத்தனம். கிளட்ச் குனிந்து பார்த்தார். “என்னக்கா இது, பேண்டேஜா?”

“பஞ்சு” என்றேன்.

டாக்டரும் குனிந்தார். அவர் மருத்துவம் படித்தவர். நிமிர்ந்து, கீபோர்டின் ஒயரைச் சரிபார்க்கப் போனார். நாத்தனார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்காகவாவது இந்த அவமானம் ஒரு தடவை படலாம்.

ஆனால் சத்தம் செத்துவிட்டது. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல. பாட்டு முடிந்ததும் இன்று அவள் எதுவும் சொல்லவில்லை. ‘இழுக்குது’ என்றுகூடச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

எங்களைப் பற்றிச் சொந்தத்தில் ஒரு பெருமை உண்டு. ‘இத்தனை வருஷத்துல அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு வார்த்தை தடிச்சதில்ல’ என்பார்கள். தடிக்கிற அளவுக்கு நாங்கள் வார்த்தை எதையும் வளர்த்ததில்லை என்பதுதான் நிஜம். ‘சாப்டியா’, ‘சாப்டேன் அண்ணி’, ‘உடம்பு பரவாயில்லயா’, ‘பரவாயில்ல அண்ணி’. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு. இப்போது நாற்பது. இடையில் அவளுக்கு ஒரு வேலை போனது, ஒரு கல்யாணம் முறிந்தது. இரண்டுமே எனக்கு இவர் சொல்லித்தான் தெரியும். ‘பாட ஆரம்பிச்சிருக்கேன், டிரம்முக்கு ஆள் தேடறோம், நீங்க கத்துக்கறதா அண்ணன் சொன்னான்’ என்று போன வருஷம் அவளே போன் செய்தது எங்கள் சரித்திரத்தில் பெரிய சம்பவம்.

மெஷின் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு நான் எதற்கு? நாற்காலி நகர்த்தவா? மறுபடியும் ‘சாப்டியா’தான்.

மார்ச் 23, சனி

மேல்தோலை முழுதாகக் கழற்றினேன். சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து, எட்டுத் திருகையும் எட்டுக் கிண்ணங்களில் போட்டு, எண் எழுதி ஒட்டினேன். (எந்தத் திருகும் எந்த ஓட்டைக்கும் பொருந்தும் என்று பிறகு தெரிந்தது.)

உள்ளே ஒரு பழங்காலத்து ஏற்பாடு இருக்கிறது. வெளியே உள்ள குமிழைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு கம்பளித் துண்டு எழுந்து தோலைத் தொட்டு அடக்க வேண்டும். கம்பளியைப் பூச்சி தின்று முடித்திருந்தது. வெறும் தகடுதான் தோலைத் தொட்டுக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பாடா, குற்றவாளி சிக்கினான் என்று குதித்தேன். பழைய சால்வையின் ஓரத்தை வெட்டி ஒட்டினேன். கடகடப்பு நின்றது. ஙொய்ங் நிற்கவில்லை.

பிறகு போனில் ஒரு செயலியை இறக்கினேன். சுருதியை எண்ணாகக் காட்டும். எட்டுத் திருகுக்கும் முன்னால் தட்டித் தட்டி, மேலே எட்டும் ஒரே எண், கீழே எட்டும் ஒரே எண் என்று கொண்டுவர நாலரை மணி நேரம் பிடித்தது. இவர் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். கடைசித் திருகும் அந்த எண்ணில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. நான் எழுதிய எந்தக் கையேடும் இவ்வளவு துல்லியமில்லை.

தோலின் நடுவில் ஓங்கி ஒரு அடி.

பள்ளிக்கூட மணி மாதிரி ஒலித்தது. சுத்தமாக, அழகாக, முடிவே இல்லாமல். கீழ்வீட்டில் யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள்.

எட்டும் துல்லியமாக ஒத்துப்போனால் ரீங்காரம் சாகாதாம், செழிக்குமாம். இது நான் படித்த அதே பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கிறது. சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் கத்துகிறவள் நான்.

மார்ச் 24, ஞாயிறு

டாக்டருக்கு அவசர நோயாளி, ஒத்திகை இல்லை. நாத்தனார் போன் செய்தாள். நலம் விசாரித்தாள். நானும் விசாரித்தேன்.

“டாக்டர் கேக்கறாரு... எதுக்கும் மெஷினை ஒரு தடவை போட்டுப் பாத்துக்கலாமான்னு. உங்ககிட்ட கேட்டுட்டு சொல்றேன்னேன்.”

“போட்டுப் பாருங்க” என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்த பிறகு — என்ன பெரிய இது. பித்தளைச் சட்டி. நாப்பத்தோரு வயசுல குச்சி புடிச்சா இப்படித்தான். போட்டுப் பாக்கட்டும். மெஷினுக்கு வாலும் கிடையாது, தலையும் கிடையாது, பஞ்சு ஒட்ட வேண்டாம், நல்லா இருக்கட்டும். எனக்கென்ன? ஞாயித்துக்கிழமை தூங்கலாம்.

தூக்கம் பிடிக்குமா எனக்கு?

மார்ச் 28, வியாழன்

இன்று விடுப்பு. காலையில் மறுபடியும் சாவியோடு உட்கார்ந்தேன். மேல்தோலில் ஏழாவது திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் ‘கதவை மூடவும்’ என்பதற்குப் பதில் ‘கதையை மூடவும்’ என்று அச்சாகிவிட்டதாம். இருபது நிமிஷம் அதில் போனது. திரும்பி வந்து, எங்கே விட்டேன் என்பதை மறந்து, சும்மா ஒரு அடி அடித்தேன்.

டக்.

அவ்வளவுதான். வால் இல்லை.

மறுபடி அடித்தேன். டக். செத்த சத்தம் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. உயிரோடு, சுருக்கமாக, டக். ஏழாவது திருகு தொளதொளவென்று ஆடியது. ஏழு இறுக்கமாக நிற்க ஒன்று மட்டும் தளர்ந்தால் தோலின் அதிர்வு சுற்றிவர வழியில்லாமல் அங்கேயே விழுந்துவிடுகிறது. நாலு வாரம், ஒரு அட்டவணை, ஒரு செயலி, ஒரு சால்வை. கடைசியில் போன் வந்து வேலையை முடித்துக்கொடுத்தது.

இதில் வாழ்க்கைக்கு ஏதோ செய்தி இருப்பதுபோல ஒரு அரிப்பு வந்தது. சொறிந்துகொள்ளாமல் டீ போடப் போனேன்.

மார்ச் 31, ஞாயிறு

எப்படி எழுதுவது.

டிரம்மைக் காத்திருப்பு அறையின் நடுவில் வைத்து, எல்லோரையும் பார்த்து ஒரு அடி அடித்துக் காட்டினேன். டக். பல்செட்டுகள்கூடச் சத்தம் காட்டவில்லை. கிளட்ச் கை தட்டினார். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ராணி மாதிரி ஈறு படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணம் முடிந்தது. நாத்தனார் கையைக் காட்டினாள்.

“இப்பவும் இழுக்குது, அண்ணி.”

எனக்கு வந்ததே கோபம். “எங்க இழுக்குது? டிரம்முல வாலே இல்லையே. நீயே அடிச்சுப் பாரு. நாலு வாரமா சாப்பாட்டு மேஜையில சாப்பாடு வைக்கல நாங்க. இதுக்கு மேல இதுல என்னத்தைக் கழட்டறது?”

அவள் தரையைப் பார்த்தாள். டாக்டர் கீபோர்டைப் பார்த்தார். கிளட்ச்சின் வலது கால், பழக்க தோஷத்தில், இல்லாத பிரேக்கை மிதித்தது.

“டிரம் இல்ல அண்ணி” என்றாள். “நீங்க இழுக்கறீங்க.”

முதலில் புரியவில்லை. டாக்டர் தன் போனை எடுத்தார். ஒத்திகைகளை அவர் பதிவுசெய்து வைத்திருக்கிறார். மார்ச் 3 பதிவை ஓடவிட்டு, கூடவே விரலால் மேஜையில் தட்டினார். முதல் சரணம் வரை அவர் விரலும் நானும் ஒன்றாகப் போனோம். இரண்டாவதில் நான் கொஞ்சம் பின்தங்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். சரணம் முடியும்போது விரல் ஊருக்குப் போய்ச் சேர்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தது, நான் இன்னும் வழியில் இருந்தேன். பிறகு இன்றைய பதிவு. அதேதான். ஙொய்ங் இருந்தவரை அதன் மூட்டத்தில் கொஞ்சம் மறைந்திருந்தது. அதைத் துடைத்து எடுத்துவிட்டேனா, இப்போது ஒவ்வொரு தாமதமும் பளிச்சென்று தெரிகிறது. நாலு வாரம் பாடுபட்டு என் குற்றத்துக்கு நானே வெளிச்சம் போட்டிருக்கிறேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“அன்னைக்கே சொன்னேன்” என்றாள். “நீங்க டிரம்மைக் கழட்டிட்டீங்க.”

“அப்புறமாவது —”

“கையில சாவிய வச்சுக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்படி அண்ணி சொல்றது?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். உங்களுக்கும் தெரியுமா? செய்தித்தாளை மடித்தார். முதல் வாரமே தங்கை சொன்னாளாம். “நடுவுல நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? தக்காளி வாங்கப் போனேன்” என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

முட்டாள்கள் தினம். யாரும் எனக்கென்று தனியாக ஏற்பாடு எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

இப்போது போனில் வேறொரு செயலி. டிக், டிக் என்று எண்ணிக்கொடுக்கும். அலுவலகம் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம். அதனோடு சேர்ந்து வாசித்தால் ஒழுங்காக இருக்கிறேன். அதை நிறுத்தினால் எட்டு சுற்றுக்குள் சரிகிறேன்.

ஏன்? டிரம்மைப் பற்றிக் கேட்ட கேள்விகளையெல்லாம் இப்போது என்னிடமே கேட்க வேண்டியிருக்கிறது. கையை ஓங்கியபின் ஒரு நொடியின் துண்டு அளவுக்கு நிற்கிறேன். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு அடிக்கிறேன். வீட்டைப் பூட்டும்போதும் இப்படித்தான், கடைசி ஆள் வெளியே வந்தாரா என்று பார்த்துவிட்டுப் பூட்டுவேன். பந்தியிலும் அப்படியே. அங்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்தது. தாளத்தில் அதற்குப் பெயர் இழுப்பது.

இதற்கு எந்தத் திருகைத் திருகுவது?

ஏப்ரல் 7, ஞாயிறு

ஒத்திகையில் இழுக்கவில்லை. ஓடினேன். பயத்தில் எல்லோரையும் தாண்டி ஓடிவிட்டேன். “அக்கா, ஸ்பீட் பிரேக்கர்” என்றார் கிளட்ச்.

ஏப்ரல் 13, சனி

ஒலிப்பதிவுக்கு முன் கடைசி ஒத்திகை, நாளை புத்தாண்டு என்பதால் இன்று இரவே. முதல் சரணம் சரி. இரண்டாவது முக்கால்வாசி சரி. மூன்றாவது தடவை வாசித்தபோது மறுபடியும் சரிந்தேன். அவள் கையைக் காட்டவில்லை, பாடிக்கொண்டே போனாள். ஆனால் அவள் தோள் மேலே ஏறியது எனக்குத் தெரிந்தது. என்னைச் சுமந்துகொண்டு பாடுகிறாள். அவள் முதல் பாட்டை.

முடிந்ததும் நானே சொன்னேன், மெஷினையே வைத்துக்கொள்ளலாம் என்று. யாரும் மறுக்கவில்லை. மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம். பத்து நொடி எதிர்பார்த்தேன். டாக்டர் பொத்தானை அழுத்தினார். டக், டக், டக். பிசிறே இல்லை.

திரும்பும் வழியில் காரில் டிரம்முக்கு சீட் பெல்ட் போட்டேன். எனக்குப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

நாத்தனார் போன். நலம் விசாரிக்கவில்லை. “நாளைக்கு நீங்களும் வரணும். டிரம்மையும் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

“தெரியல. எடுத்துட்டு வாங்க.”

ஏப்ரல் 20, சனி

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தலைக்கு இரண்டு மடங்கு ஹெட்போன். இந்தப் பக்கம் அவர்கள் மூவர். நான் மூலையில் ஒரு மடக்கு நாற்காலியில், எல்லோருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. பைகளைப் பார்த்துக்கொள்வதில் நான் தாளம் தப்பியதே இல்லை.

மெஷின் நன்றாக வாசித்தது. முதல் சரணம், இரண்டாவது சரணம் எல்லாம் இரண்டே தடவையில் முடிந்தன. பொறாமைப்பட அதில் ஒரு முகம்கூட இல்லை.

கடைசி நாலு வரியில் சிக்கல் வந்தது. அங்கே அவள் பாட்டை மெல்ல மெல்ல இறக்கி, ஏறக்குறைய பேச்சாக்கி முடிப்பாள். அப்படித்தான் எழுதியிருக்கிறாள். மெஷின் இறங்கவில்லை. அவள் தளர்ந்தால் அது பின்னால் வந்து இடித்தது. டாக்டர் வேகத்தைக் குறைக்கும் குமிழைத் திருப்பினார். அது படியில் உருளுகிற மாதிரி குதித்துக் குதித்துக் குறைந்தது. ஐந்து தடவை பார்த்தார்கள். ஐந்தாவது தடவை அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

“இது என்னைத் துரத்துது” என்றாள்.

தாளமே இல்லாமல் பாடிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். அவள் மூலைக்கு வந்து, என் மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

“வாங்க அண்ணி” என்றாள். “வந்து இழுங்க.”

டிரம்மை எடுத்து வைக்கப் பத்து நிமிஷம். அவள் எனக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றாள். டிக் டிக் கிடையாது. டாக்டரின் விரல் கிடையாது. நாலு வரி. ஓங்கிய கையோடு நான் அவள் வருகிறாளா என்று பார்த்தேன். அவள் நான் வருகிறேனா என்று பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு தாமதமாக முடியுமோ அவ்வளவு தாமதமாகக் கடைசி அடிக்கு வந்து சேர்ந்தோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல்: “ஸ்னேர் ரொம்ப வறட்சியா இருக்குங்க. நான் பின்னாடி கொஞ்சம் ரீங்காரம் சேத்துக்கறேன்.”

கிளட்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐம்பத்தொரு நொடி. மூன்றே முக்கால் நிமிஷப் பாட்டில் நான் அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பாட்டு வந்துவிட்டது. இவர் முழுதாக இரண்டு தடவை கேட்டார். “நல்லா இருக்கு. நீ எங்க வர?” என்றார். காட்டினேன். “ஓ, அங்கயா. அந்த எடத்துலதான் அவ பாடறது எனக்குப் புடிச்சது” என்றார். இதை நான் பாராட்டு என்று எழுதிக்கொள்கிறேன். கேட்டு உறுதிசெய்யப் போவதில்லை.

மே 12, ஞாயிறு

நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்தாள். இரண்டாவது பாட்டு எழுதியிருக்கிறாளாம். இது கொஞ்சம் வேகம். இதற்கு மெஷின் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாளாம். “ஆனா அதுக்குள்ள உங்க இடது கை தேறணும், அண்ணி. இப்ப இருக்கற மாதிரி இருந்தா தேறாது” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

இவர் செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

பாடிக் காட்டினாள். நான் நாற்காலிக் கையில் தட்டினேன். முடிந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. மூன்றாவது வரியில் அவள் சுருதி இறங்குகிறது என்றேன். முதல் பாட்டிலும் அப்படித்தான், போன வருஷத்திலிருந்தே அப்படித்தான், நான்தான் சொன்னதில்லை.

இவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“எந்த எடத்துல?” என்று கேட்டாள்.

வார்த்தையால் விளக்கிப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல் பாடிக் காட்டினேன், என் குரலில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. கேட்டுவிட்டும் அவள் கிளம்பிப் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, “இன்னொரு தடவை பாடுங்க” என்றாள்.